ஏழு கோயிலும் ஒரு சில்லுக்கதிரையும்

ஒண்டு முடிஞ்சுது. இன்னும் ஆறு. திரும்பிப் பாக்காதை லூர்த்தம்மா, பாத்தால் அவன்ரை முகம் தெரியும், முகத்தைக் கண்டால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் பேசாமல் போய் அந்தச் சில்லுக்கதிரையிலை குந்தியிடுவாய், பேந்து உன்னைக் கொண்டுபோய் வடக்கு இத்தாலியிலை தங்கடை லிப்ற் வைச்ச வீட்டிலை, யன்னலடியிலை, பூச்சாடி மாதிரி வைச்சுத் தண்ணி ஊத்துவினம். கடகடகட. கேக்குது. இருபது அடி பின்னாலை என்ரை மோன் றெக்சன் வெறுங்கதிரையைத் தள்ளிக்கொண்டு வாறான். முப்பத்தேழு வயது, ரண்டு பிள்ளையளின்ரை தேப்பன், பலேர்மோச் சந்தைக்கு நடுவாலை ஆளில்லாத கதிரையைத் தள்ளுறான், மீன்காரர் எல்லாம் கத்தியை வைச்சிட்டுப் பாக்கிறாங்கள். பாக்கட்டும். நானே தள்ளச் சொன்னனான்? தடி, இடது, வலது. தடி, இடது, வலது. புதன்கிழமை பின்னேரம் வந்து இறங்கினவன், பத்து மட்டைப்பெட்டியோடை. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை, என்ரை கோப்பையளைப் பேப்பரிலை சுத்தத் துவங்கிட்டான். என்ன மோனை செய்யிறாய் எண்டு கேட்டன். அம்மா, செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரனுக்குச் சொல்லப்போறன், வீட்டை விடுறம் எண்டு, உங்களுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு மாசம் ஆகப்போகுது, லிப்ற் இல்லாத நாலாம் மாடியிலை தனிய இருந்தது காணும் எண்டான். காணுமாம்! இருபத்தேழு வருசம் நானும் அவன்ரை தேப்பனும் ஆற்றையோ வீட்டு நிலமெல்லாம் துடைச்சுக் கட்டின வாழ்க்கை, இவருக்குக் காணுமாம். பெட்டியை வாங்கிக் கவிட்டு வைச்சிட்டுச் சொன்னன், கேள், பெரிய வெள்ளியண்டைக்கு ஏழு கோயில் சந்திக்கப்போறன், நடந்து, ஒருத்தற்றை கையும் பிடிக்காமல். முடிச்சால் நான் இந்த வீட்டிலைதான் இருப்பன். விழுந்தாலோ, உன்ரை கையைப் பிடிச்சாலோ, செவ்வாய்க்கிழமை நீ சொல்லுறபடி. சத்தியமே எண்டான். சத்தியம் எண்டன். அவன் சிரிச்சான், பேந்து என்ரை காலைப் பாத்தான், பேந்து சிரிக்கேல்லை. அப்ப கதிரையும் பின்னாலை வரும் எண்டான். வரட்டும் எண்டன்.

ரண்டாவது இது. இஞ்சத்தைக் கோயிலுகளுக்கு ஒரு முழ நீளத்திலை பேர், அது என்ரை வாயிலை நிக்காது, நான் வைச்ச பேர் அப்புக்காத்துக் கோயில். நான் பத்தொன்பது வருசம் வேலை செய்த வீட்டுக்காரர் கோட்டிலை வழக்குப் பேசுற அப்புக்காத்து, அவற்றை மனிசி ஞாயிற்றுக்கிழமை வாறது இஞ்சைதான். வாசலிலை மூண்டு படி. ஏறியாச்சு. வியாழக்கிழமைப் பூசை முடிய நற்கருணையைக் கொண்டந்து பக்கப் பீடத்திலை வைச்சு, சுத்திவரப் பூவும் மெழுகுதிரியும் வைச்சு, அலுமாரி இருட்டுக்குள்ளை முளைக்க வைச்ச கோதுமைத் தட்டும் வைச்சிருக்கினம், வெயில் காணாத வெள்ளை முளை, சிவப்பு நாடா கட்டினது. வெள்ளிக்கிழமை மூண்டு மணி வழிபாட்டுக்கு முன்னம் சனம் கோயில் கோயிலாப் போய்ச் சந்திக்கும். ஆண்டவரே, சப்பாத்தோடை நிக்கிறன், மன்னிச்சுக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலை எங்கடை குருநகரிலை சப்பாத்தோடை கோயிலுக்குள்ளை ஏறினால் மூப்பர் பிரம்பெடுத்துக்கொண்டு வருவார். இஞ்சை வந்த பிறகும் நான் வாசலிலை கழட்டிப்போட்டுத்தான் உள்ளை போறனான், இஞ்சத்தைச் சனம் நான் ஏதோ பெரிய தவம் செய்யிறன் எண்டு நினைச்சுது. இப்ப என்ன செய்ய? இடது சப்பாத்துக்குள்ளை ஒரு பிளாஸ்ரிக் மட்டை, கெண்டைக்காலிலை இருந்து உள்ளங்கால் மட்டும், அது இல்லாட்டிப் பாதம் தொங்கும், விரல் நிலத்திலை இழுபடும், விழுவன். குசினிக்குப் போறதெண்டாலும் கழட்டாதை எண்டு பயிற்சி தாற பெட்டை சில்வியா விரலை நீட்டிச் சொன்னவள். சரி, நிலத்தைப் பார். என்ன நிலம்! சிவப்பும் மஞ்சளும் கறுப்புமா மாபிள் வெட்டிப் பூப்பூவா இழைச்சு வைச்சிருக்கு. ஆரோ வினாகிரி போட்டுத் துடைச்சிருக்கிறாள், மூலையெல்லாம் மங்கிப்போச்சு, மாபிளுக்கு வினாகிரி நஞ்சு, விசரி. வெள்ளைக்காரர் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பாக்கினம், மேலை சம்மனசுகள் பறக்குதாம். பறக்கட்டும், அதுகளை ஒருத்தரும் கிழமைக்கு ரண்டு தரம் முழங்காலிலை நிண்டு துடைக்கத் தேவையில்லை. செபத்தைச் சொல்லு லூர்த்தம்மா, வம்பளக்க வரேல்லை. மூண்டு பரலோக மந்திரம், மூண்டு அருள்நிறைந்த மந்திரம், வெளிக்கிடு.

பெரியகோயில் முத்தம் எண்டால் முத்தம் இல்லை, ஒரு விளையாட்டுத்திடல். இதைக் கடக்கிறதுக்குள்ளை எனக்கு அறுபத்தாறு வயது முடிஞ்சு அறுபத்தேழு துவங்கும். வெயில் வேறை. தடி, இடது, வலது. அம்மா, முகம் வெளிறிப்போச்சு, ஒரு வாய் தண்ணி குடியுங்கோ எண்டு பின்னாலை இருந்து கத்துறான். இண்டைக்கு ஒருசந்தி, வாயிலை ஒண்டும் படாது எண்டு நான் முன்னுக்குப் பாத்துக்கொண்டே கத்துறன். ஒருசந்திக்குத் தண்ணி குடிக்கலாம், பங்குச் சுவாமியே சொன்னவர்! அப்ப சுவாமிக்குக் குடு! சனம் திரும்பிப் பாக்குது. அவன் நல்லவன், அதை நான் மறுக்கேல்லை. அவன்ரை மனிசி சுகிர்தாவும் தங்கமான பிள்ளை, அதுதான் பிரச்சினை. கரண்டியைத் தொட்டால் விடுங்கோ மாமி, எழும்பினால் இருங்கோ மாமி, கோப்பை கழுவப்போனால் ஐயோ மாமி. நத்தாருக்கு அங்கை ரண்டு கிழமை நிண்டனான், அந்த ரண்டு கிழமையிலை சில்வியா ரண்டு மாசமாப் படிப்பிச்சதெல்லாம் கால் மறந்துபோச்சு. அன்பாலை ஆளைப் படுக்கையிலை போடலாம். இஞ்சை எண்டால் பாணுக்கு எழுபத்திரண்டு படி இறங்க வேணும், இறங்கினால் ஏற வேணும், அதாலை நடக்கிறன். அவன்ரை தேப்பனைப் புதைச்ச சேமக்காலைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடிக்க வேணும், அதாலை நடக்கிறன். ஆனா அவன் சொல்லுறது சரி எண்டால்? திரும்பவும் வந்தால்? ஒக்ரோபர், காலைமை ஏழு மணி, தேத்தண்ணிக்குக் கேத்தலை எடுக்கப்போன கை பாதியிலை நிண்டுது, பேந்து நிலம். என்ரை நிலம், நானே துடைச்ச நிலம், கன்னத்தோடை. என்ரை திறப்பு வைச்சிருக்கிற ரண்டாம் மாடி நுன்சியா தன்ரை மகள் வீட்டிலை இருந்து திரும்பி வந்து, றெக்சன் வடக்கிலை இருந்து அவளுக்குப் போன் அடிச்சுச் சொல்லி, மேலை ஏறிக் கதவைத் திறக்கப் பின்னேரம் ஆறு மணி. பதினொரு மணித்தியாலம். வேண்டாம். அதை நினையாதை. நினைச்சால் கால் பின்னும். ஆ, பின்னிட்டுது, ஐயோ, ஒரு வெள்ளைக்காரப் பெடியன் முழங்கையைப் பிடிக்க வாறான், தொடாதை! தமிழிலைதான் கத்தினனான், அவனுக்கு விளங்கிட்டுது, ரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போறான். படலையைப் பிடிச்சு நிண்டிட்டன். படலை ஆள் இல்லை, இரும்பு. இரும்பு எண்ணிக்கையிலை வராது எண்டு பின்னாலை பாத்துச் சொன்னன். றெக்சன் கதிரைப் பிடியை முறுக்கிக்கொண்டு நிக்கிறான். உள்ளை போய்ச் செபமும் சொல்லிட்டன், அது மூண்டு.

நாலாவதுக்கு வாற வழி ஒடுங்கின ஒழுங்கை, மேலை காயப்போட்ட உடுப்பு, ஆற்றையோ வீட்டிலை உள்ளி பொரியுது, ஒருசந்திக்காரியைச் சோதிக்கிறாங்கள். நெஞ்சுக்குள்ளை பசாம் ஓடுது, பெரிய வாரத்திலை எங்கடை பக்கம் இழுத்து இழுத்துப் பாடுற ஒப்பாரி, ஆண்டவற்றை பாடு முழுக்க அதிலை வரும். றெக்சன்ரை தேப்பன் மரியநாயகம் பசாம் பாடப் போனால் சுதி ஏத்தாமல் விடமாட்டார், அவர் பாடத் துவங்கினால் மாதாவே அழுகையை நிப்பாட்டிப் பாக்கும் எண்டு பகிடி பண்ணுறனான். சுதி, இடது, வலது. அவற்றை இழுவைக்குக் கால் நல்லாப் பொருந்துது. கறுத்தக் கதவு, பக்கத்திலை கல்வாங்கு, கொஞ்சம் இருந்தன். பின்னாலை றெக்சன் போனிலை சுகிர்தாவோடை கதைக்கிறான், இல்லையப்பா, இன்னும் விழேல்லை எண்டுறான். இன்னும்! கேட்டுக்கொண்டு எழும்பி உள்ளை போனன். நல்ல குளிர்மையான கோயில், மெழுகுதிரி மணம், முன்வாங்கிலை ரண்டு கிழவியள் குசுகுசுக்கினம். பீடத்தடிக்குப் போய் நிண்டு செபம் சொன்னன், மனம் லேசாக் கிடந்தது, ஏன் இவ்வளவு லேசு எண்டு விளங்கேல்லை. சுத்தி வந்தன். சூசையப்பரிட்டையும் ஒரு சொல்லுச் சொன்னன். வாசலுக்கு வந்து, கல்வாங்கிலை இருந்து, குனிஞ்சு, கை போன இடத்திலை ஒண்டும் இல்லை. என்னத்தை எடுக்கக் குனிஞ்சனான்? காலைப் பாத்தன். பத்து விரல். கோதாரி! கழட்டிப்போட்டுட்டன்! பசாமைப் பாடிக்கொண்டிருக்கக் கை தன்பாட்டிலை செய்த வேலை, ஐம்பது அறுபது வருசமாச் செய்த கை அது, அதுக்கு ஆர் பாரிசவாதத்தைப் பற்றிச் சொன்னது? சப்பாத்து எங்கை? வாசலிலை கையேந்துற மனிசி சொல்லுறாள், ஒருத்தன் வந்தான், ஏழையளுக்கு வைச்ச சப்பாத்தாக்கும் எண்டு நினைச்சு எடுத்துக்கொண்டு போட்டான், வெளியிலை ஆர் சப்பாத்தைக் கழட்டி வைப்பினம் எண்டு என்னையே கேக்கிறாள். போட்டும், அவனுக்கும் கால் இருக்குத்தானே. ஆனா அந்த மட்டை அவனுக்கு என்னத்துக்கு!

முடிஞ்சுது அம்மா, ஏறுங்கோ எண்டு றெக்சன் கதிரையைக் கொண்டந்து முன்னாலை விட்டான். குரலிலை கோவம் இல்லை, அதுதான் எனக்குப் பயம், பிள்ளைக்குக் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறான். மட்டை இல்லாமல் நீங்கள் ஒரு அடி வைக்கேலாது, சில்வியா எனக்கும் சொன்னவ. ஒரு அடி வைக்கேலாது. பொறு. நான் என்னெண்டு உள்ளை போனனான்? என்னெண்டு வெளியிலை வந்தனான்? பீடம் மட்டும் போய், சூசையப்பரைச் சுத்தி, திரும்பி வந்து, எத்தினை அடி? டேய் றெக்சன், நான் உள்ளை முழுக்க மட்டை இல்லாமல்தானடா நடந்தனான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. தெரியாமல் நடந்தனான், தெரிஞ்சு நடக்க ஏலாதோ? எழும்பு. முழங்காலை உயத்து, இன்னும் உயத்து, எங்கடை பரவைக்கடலிலை முழங்கால் தண்ணிக்குள்ளை இறங்கி நடக்கிறவை காலைத் தூக்குற மாதிரித் தூக்கி வை. விரல் உரசேல்லை. இன்னொண்டு. உரசேல்லை! ஒழுங்கை ஓரத்திலை கதிரை போட்டு இருந்த கிழவன் ஒருத்தன் வெறுங்காலைப் பாத்துக் குருசு போடுறான், என்னைப் புனிதை எண்டு நினைச்சானாக்கும், நினைக்கட்டும், இண்டைக்கு ஒரு நாளைக்கு இருந்திட்டுப் போறன். அஞ்சாவது கோயில் வந்திட்டுது, பூனைக்கோயில், இஞ்சை எப்பவும் திருமுழுக்குத் தொட்டிக்குப் பக்கத்திலை ஒரு பூனை படுத்திருக்கும், இண்டைக்கும் இருக்கு. வலக்காலை உள்ளை வைச்சன், சில்லெண்டுது, மாபிள் அப்பிடித்தான். இடக்காலை வைச்சன். சில்லெண்டுது. நிண்டன். தூக்கித் திரும்ப வைச்சன். சில்லெண்டுது. இடக்கால். ஆறு மாசமா வெந்நீரிலை வைச்சாலும் பச்சைத்தண்ணியிலை வைச்சாலும் ஆற்றையோ கால் மாதிரிக் கிடந்த கால். ஆறு மாசத்துக்குள்ளை வராட்டி பேந்து உணர்ச்சி வராது எண்டு டொக்டர் சொன்னவர், வாற புதன்கிழமையோடை ஆறு மாசம், இண்டைக்கு வெள்ளிக்கிழமை! ஐயோ குளிருது, குளிருது, என்ரை மாதாவே எனக்குக் குளிருது எண்டு கத்திப்போட்டன். கோயில் முழுக்கத் திரும்பிப் பாக்குது. ஒரு மனிசி ஆண்டவருக்காக அழுகிறன் எண்டு நினைச்சுத் தானும் அழத் துவங்கிட்டாள். பூனை எழும்பிப் போட்டுது. அழு பிள்ளை, அழு, நல்லா அழு, ஆனா இது வேறை விசயம். ஒவ்வொரு கல்லா இடக்காலை வைச்சு வைச்சுப் பாத்தன், வெள்ளைக் கல்லிலை கூடக் குளிர், கறுப்பிலை கொஞ்சம் குறைவு போலை, பொய்யோ மெய்யோ, எனக்கு அப்பிடித்தான் பட்டுது. வெளியிலை வந்து றெக்சனுக்குச் சொன்னன், கால் குளிருதடா. அவன் விளங்காமல், அப்ப சப்பாத்து வாங்கித் தாறன் எண்டான். விசரன். விளங்கின உடனை கதிரையை விட்டிட்டு ரண்டு அடி ஓடி வந்தவன், வந்து, கையை நீட்டி, நிண்டிட்டான். தொட்டால் போச்சு எண்டு அவனுக்கும் ஞாபகம் வந்திட்டுது. கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை விட்டான்.

ஆறாவது பெட்டி மாதிரி ஒரு சின்னக் கோயில், ஒரு கன்னியாஸ்திரி வாங்கிலை நித்திரை, மூண்டு நிமிசத்திலை முடிஞ்சுது. ஆறு! ஏழாவதுக்குப் போற வழியிலை எனக்குப் பாட்டு வருது, பெரிய வெள்ளியிலை பாடக் கூடாது எண்டு வாயைக் கடிச்சுக்கொண்டு போறன். உள்ளங்கால் எரியுது, எரியட்டும், ரண்டும் எரியுது, ரண்டும்! ஏழாவது வாசலிலை மேசை போட்டு ஒரு பெட்டை இருக்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசினவள், ரிக்கெற் எண்டுறாள். கோயிலுக்கு என்ன ரிக்கெற் எண்டன். இது இப்ப கோயில் இல்லை அம்மா, கனகாலமா ஓவியக் கண்காட்சிதான் நடக்குது எண்டு மரியாதையாச் சொன்னாள். எட்டிப் பாத்தன். பீடம் இருக்கு, மேலை சம்மனசு இருக்கு, நற்கருணை இல்லை, மெழுகுதிரி இல்லை, முளை இல்லை. அப்ப இன்னும் ஆறுதான். காலும் அப்பதான் முழுப் பாரத்தையும் காட்டுது, இடுப்பு விண்விண் எண்டுது. றெக்சன் பக்கத்திலை வந்து நிண்டான், இருபது அடி எல்லாம் போச்சு, ஒரு அடியிலை நிக்கிறான். மெதுவாச் சொல்லுறான், அம்மா, இதையும் எண்ணுவம். கோபுரம் இருக்கு, குருசு இருக்கு, கோயில்தான், ஏழு. நான் அவன்ரை முகத்தைப் பாத்தன், காலைமை தொடக்கம் இப்பதான் பாக்கிறன். கண்ணெல்லாம் சிவந்துபோய், தாடி மழிக்காமல், தேப்பன் மாதிரியே கிடக்கிறான். எனக்குத் தோல்வி வரக் கூடாது எண்டு தன்ரை பந்தயத்தைத் தானே கொண்டந்து தாறான். வாங்கலாம். வாங்கினால் இப்பவே வீட்டை போகலாம், கட்டிலிலை காலை நீட்டலாம். லூர்த்தம்மா, வாங்கு. வாங்கினால் செவ்வாய்க்கிழமை விட்டாலும் அடுத்த வருசம் கேப்பான், அம்மா, அண்டைக்கு ஆறுதானே எண்டு. அவன் கேக்காட்டி நான் கேப்பன். கள்ள எண்ணிக்கை வேண்டாம் மோனை, பக்கத்திலை வேறை எங்கை இருக்கு எண்டு கேட்டன். அவன்ரை கண் மேலை போனது. அவன் பாத்த பக்கம் நானும் பாத்தன். இருக்கு. மேட்டிலை இருக்கு, வாசலுக்குப் படி, ஒரு பக்கமும் கைபிடி இல்லை. எண்ணினன். முப்பத்தொண்டு.

படியடியிலை கதிரையின்ரை கடகட நிண்டுது. அம்மா, வேண்டாம். நான் கெஞ்சிக் கேக்கிறன். எனக்கு வெல்ல வேண்டாம், வீட்டையும் விடேல்லை, ஒண்டும் வேண்டாம், இதிலை ஏறாதையுங்கோ. ஏன் மோனை இவ்வளவு பயப்பிடுறாய் எண்டு கேட்டன், உண்மையாத்தான் கேட்டனான். அவன் வெடிச்சிட்டான். நீங்கள் விழுந்த அண்டைக்கு நான் எத்தினை தரம் போன் அடிச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியுமே அம்மா? வேலைத்தலத்திலை மெசினை நிப்பாட்டி நிப்பாட்டி, கக்கூசுக்குள்ளை ஒளிச்சு நிண்டு, சாப்பிடாமல், எத்தினை தரம் எண்டு தெரியுமே? அறுபத்திமூண்டு எண்டன். அவன் நிமிந்து பாத்தான். ஆர் சொன்னது? நுன்சியாவே? ஒருத்தரும் சொல்லேல்லை, எண்ணினனான். எண்ணினியளோ? கேட்டதோ உங்களுக்கு? ஒவ்வொண்டும் கேட்டது மோனை. போன் மேசைக்கு மேலை, நான் கீழை, கை எட்டாத தூரத்திலை. ஆறு மாசமா இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, எனக்கே சொல்லேல்லை, நினைக்க வெளிக்கிட்டாலே வேண்டாமெண்டு நினைப்பைத் திருப்பிப்போடுறனான், இப்ப நடுறோட்டிலை வருது. மணி அடிக்கிற ஒவ்வொரு தரமும் வாறன் மோனை எண்டு சொன்னனான். வாய் கோணிப்போச்சு, சத்தம் வரேல்லை. நான் சொல்லிக்கொண்டுதான் கிடந்தனான். பின்னேரமாகக் கண் மூடப்பாத்தது, திரும்ப அடிச்சாய், இவனுக்கு ஒரு பதில் சொல்லாமல் எப்பிடிச் சாகிறது எண்டு முழிச்சன். நீ அடிச்சதாலைதானடா நான் இருக்கிறன். அவன் கதிரைப் பிடியிலை நெத்தியை வைச்சு அழுகிறான், வளந்த ஆம்பிளை, தோள் குலுங்குது. கட்டிப்பிடிக்க வேணும். கை தன்பாட்டிலை போகுது. தொட்டால் தோத்திடுவன், ஆண்டவரே, இது என்ன சோதனை, சொந்தப் பிள்ளையைத் தொட ஏலாமல். பொறு மோனை, முப்பத்தொரு படி பொறு. திரும்பினன். தடி, வலது, இடது. ஒண்டு. வெறுங்காலிலை கல்லு சூடு, வெயில் பட்ட கல்லு, இடக்காலிலையும் சூடு, ஓம், சூடும் தெரியுது. ஏழு. எட்டு. இந்தக் கல்லைத் தேய்ச்சது எத்தினை காலோ, நடுவிலை குழி விழுந்து கிடக்கு, ஓரத்தாலை போ. பதின்மூண்டு. மூச்சு வாங்குது, நிக்காதை, நிண்டால் கால் யோசிக்கும், யோசிச்சால் பயப்பிடும். பதினெட்டு. விழுந்தால்? விழுந்தால் எழும்புவன், பதினொரு மணித்தியாலம் கிடந்தனான், இனிக் கிடக்க மாட்டன். இருபத்திரண்டிலை தடி சறுக்கிச்சுது, உடம்பு ஒருக்கால் ஆடிச்சுது, கீழை இருந்து அவன் மூச்சிழுக்கிற சத்தம் கேட்டது, இடக்கால் தன்ரை பாட்டிலை விரலை விரிச்சுக் கல்லைப் பிடிச்சுது. நான் சொல்லேல்லை. கால் தானாப் பிடிச்சுது! என்ரை கெட்டிக்காரக் கால்! இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொண்டு.

உள்ளை என்ன இருந்தது எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. பூ இருந்தது, வெளிச்சம் இருந்தது, நற்கருணை இருந்தது, மூண்டு பரலோக மந்திரம் சொல்லப்போனனான், நன்றி நன்றி எண்டுதான் வாயிலை வந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப்போட்டு வந்தன். நிலத்தை மட்டும் பாத்தன், வடிவாத் துடைச்சுக் கிடக்குது, ஆரோ வேலை தெரிஞ்சவள். வெளியிலை வந்து மேற்படியிலை நிண்டன். முன்னுக்குப் பலேர்மோ முழுக்க, ஓட்டுக்கூரையும் கோபுரமும் மஞ்சள் கும்மட்டமும், அங்காலை கடல் கீற்றாத் தெரியுது, இந்த ஊர்க் கோயில் ஒண்டுக்கும் நான் நிலம் துடைக்கேல்லை, ஆனா இண்டைக்கு முழுக்க என்ரை ஊர்தான். நெஞ்சு வெடிக்கிற மாதிரிச் சந்தோசம். கீழை றெக்சன் கண்ணைத் துடைச்சுப்போட்டு அண்ணாந்து பாக்கிறான், பக்கத்திலை கதிரை, அதிலை ஒரு புறா வந்து குந்தி இருக்கு. முடிஞ்சுதே அம்மா எண்டு கத்துறான். முடிஞ்சுது! ஏழு! தெருவிலை போன ரண்டு மூண்டு பேர் நிண்டு பாக்கினம். அப்ப வீட்டை போவம். எந்த வீட்டை எண்டு கேட்டன், விடுவனே? உங்கடை வீட்டை எண்டான், கோப்பையளைத் திரும்ப அடுக்க வேணும், வாறியளோ? வாய் திறந்தன். ஒரு கணம் பயந்துதான் திறந்தனான். வாறன் மோனை! முழுச் சத்தத்தோடை, கோணாமல், குழறாமல், எதிர் வீட்டுச் சுவரிலை பட்டுத் திரும்பி வந்தது. வாறன் மோனை, வாறன், வாறன்! அவன் அடிச்ச ஒவ்வொரு மணிக்கும் ஒண்டா அறுபத்திமூண்டு தரமும் சொல்லலாம் போலை கிடக்கு. அவன் கதிரையை அப்பிடியே விட்டிட்டு ஓடி வாறான், படியை ரண்டு ரண்டாப் பாய்ஞ்சு ஏறுறான், ஓடாதையடா, விழுந்திடுவாய் எண்டு கத்துறன், கத்திக்கொண்டே தடியைச் சுவரோடை சாத்திவிட்டு ரண்டு கையையும் நீட்டுறன்.